குட்டிப் பாம்பின் வயிறும் ஓசூர்க் குளிரும்

“அண்ணா, ஞாயித்துக்கிழமை குடுத்த எலிக்குட்டிய நேத்து அப்படியே வெளிய தள்ளிடுச்சு. பசியோட இருக்குமே, இன்னிக்கு வேற ஒண்ணு குடுத்துடட்டுமா?”

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கத் தொடங்கினால் இப்படி ஒரு செய்தியாவது என் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அனுப்புவது பெரும்பாலும் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பிகள். அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் போய் ஒரு கார்ன் ஸ்நேக் குட்டியை வாங்கி, ஜூஜூவாடியிலோ பாகலூர் ரோட்டிலோ வாடகை அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பார்கள். கையில் பிடித்தால் பென்சில் கனம்தான் இருக்கும். அதன் மேல் அவர்களுக்கு இருக்கும் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைட் ஷிப்டு முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து அது சாப்பிடுகிறதா என்று பார்க்கிறவர்கள் அவர்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். “எலிய விடு தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த டப்பாக்குள்ள எத்தனை டிகிரி?”

பலருக்கும் அது தெரிவதில்லை. குட்டி வளரும் வீட்டுக்கும் வளராத வீட்டுக்கும் நான் பார்த்த பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வாங்கிய எலியின் தரத்தையும், வைத்த பெட்டியின் விலையையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூளகிரிப் பக்கமாக மலையிறங்கிப் போனால் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கிருஷ்ணகிரி. உயரம் ஏறக்குறைய 500 மீட்டர்தான். மாவட்டம் ஒன்று, சீதோஷ்ணம் இரண்டு. டிசம்பர், ஜனவரியில் ஓசூரிலும் தளியிலும் ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. அதே மாதத்தில் காவேரிப்பட்டணத்தில் அவ்வளவு குளிர் இருக்காது. சென்னைக்காரர் ஒருவர் யூடியூபில் “நம்ம ஊருக்கு ஹீட்டரே தேவையில்லை” என்று சொன்னால் அது அவர் ஊருக்குச் சரி. அதைக் கேட்டுவிட்டு மத்திகிரியில் குட்டி வளர்த்தால் அந்தக் குட்டி கஷ்டப்படும்.

காரணம் எளிது. நாம் சாப்பிட்டால், அதைச் செரிக்க வேண்டிய சூட்டை நம் உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்புக்கு அந்த வசதி இல்லை. வெளியே இருக்கும் சூடுதான் அதன் வயிற்றுக்குள் நடக்கும் வேலையின் வேகத்தை முடிவு செய்யும். கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 28இலிருந்து 30 டிகிரி வரை வேண்டும், மறுபக்கம் 22இலிருந்து 24 வரை. சூடு வேண்டுமென்றால் அங்கே போகும், போதுமென்றால் இங்கே வரும். முழு எலிக்குட்டியை விழுங்கிய பிறகு இரவு முழுக்கப் பதினைந்து பதினாறு டிகிரியில் கிடந்தால் செரிமானச் சாறுகள் வேலை செய்யாது. எலி செரிப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் அழுக ஆரம்பிக்கும். அப்போது அதை வெளியே தள்ளுவதுதான் பாம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

அதனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: இன்று எதுவும் கொடுக்காதே. நாளையும் வேண்டாம். பத்து நாளாவது, முடிந்தால் இரண்டு வாரம், வயிறு சும்மா இருக்கட்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். எலி வெளியே வரும்போது அதோடு அமிலமும், செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வெளியேறிவிடும். உணவுக்குழாயின் உள்தோல் புண்ணாகியிருக்கும். அது ஆறுவதற்கு முன் இன்னொரு எலியைக் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். இரண்டாவது முறையும் தள்ளிய குட்டி முதல் முறையைவிடப் பல மடங்கு பலவீனமாகியிருக்கும், மூன்றாவது முறை பிழைப்பதே கடினம். பிரியத்தினால் குட்டிகள் சாவது இந்த இடத்தில்தான். அந்த இரண்டு வாரத்துக்குள் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு முன்பு கொடுத்ததைவிடச் சின்னதாக ஒன்று, அதைச் செரித்துக் கழித்தது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது.

சூட்டைச் சரிசெய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பெட்டியின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், வெளிப்புறமாக, ஹீட் மேட் வைக்க வேண்டும். அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக பிளக்கில் சொருகவே கூடாது. கட்டுப்பாடு இல்லாத ஹீட் மேட் நாற்பது டிகிரியைத் தாண்டி வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். பாம்பு சுடுவதை உணர்ந்து உடனே விலகிப் போகும் என்று நம்ப முடியாது. தெர்மோஸ்டாட்டின் உணரி ஹீட் மேட் இருக்கும் பக்கத் தரையில் இருக்கட்டும். கூடவே தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானி. மின்விளக்கைத் தொங்கவிடுவது இந்த ஊருக்கு ஏற்றதில்லை, பனிக்காலத்தில் ஏற்கெனவே காய்ந்திருக்கும் காற்றை அது இன்னும் காயவைக்கும். கரண்ட் போகிற இரவுகளுக்குப் பெட்டியைத் தெர்மக்கோல் அட்டைகளால் மூன்று பக்கம் மூடி, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றை வையுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாமல். மின்தடை அறிவித்திருக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில் தீனி கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இனி குட்டியைப் பற்றி. இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள். அறிவியல் பெயர் பேந்தெரோஃபிஸ் குட்டாட்டஸ். நஞ்சில்லாதது; இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். நம் வயலில் எலி பிடிக்கும் சாரைப்பாம்பு இருக்கும் அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது, தூரத்துச் சொந்தம். முட்டைக்குள் இரண்டு மாதம் போல இருந்து வெளியே வரும்போது இருபதிலிருந்து முப்பது சென்டிமீட்டர் நீளம், எடை ஐந்திலிருந்து எட்டு கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பிறந்ததும் சாப்பிடாது. முட்டையின் மஞ்சள் கரு உடம்புக்குள் மிச்சம் இருக்கும். அதில் ஒரு வாரம் பத்து நாள் ஓட்டி, முதல் சட்டையை உரித்த பிறகுதான் வாயைத் திறக்கும். காட்டில் அந்த வயதில் அது தேடுவது சின்னப் பல்லிகளையும் மரத்தவளைகளையும். எலிக்கு மாறுவது கொஞ்சம் வளர்ந்த பிறகு. நாம் முதல் நாளிலிருந்தே எலிக்குட்டியை நீட்டுகிறோம். சில குட்டிகள் உடனே எடுக்கும், சில இது உணவு என்றே அறியாமல் விலகிப் போகும்.

ஆகவே வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது இதுவரைக்கும் எத்தனை தடவை தானா சாப்பிட்டிருக்கு?” தொடர்ந்து நாலைந்து முறையாவது, உறைந்து உருகிய எலியைத் தானாக எடுத்திருக்க வேண்டும். விற்பவரிடம் அதற்கு ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இன்று கடைகளில் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, சாம்பல் என்று வண்ணத்துக்கு ஒரு விலை சொல்கிறார்கள். 1953இல் வட கரோலினாவில் பிடிபட்ட, கறுப்பு நிறமி இல்லாத ஓர் ஆண் பாம்பிலிருந்துதான் இந்த வண்ண விளையாட்டு தொடங்கியது. அதை வைத்து இனப்பெருக்கம் செய்து, நிறம் எப்படி வழிவழியாக இறங்குகிறது என்று ஆராய்ந்த பெர்னார்ட் பெக்டெல் ஒரு தோல் மருத்துவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் எந்த நிறமாக இருந்தாலும் வயிறு ஒன்றுதான்.

எவ்வளவு கொடுப்பது? பாம்பின் உடம்பு எங்கே அதிகத் தடிமனோ, அந்தத் தடிமன் அளவுக்கு இரை இருக்க வேண்டும். அதில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. விழுங்கிய பிறகு நடுவில் ஒரு மெல்லிய புடைப்பு தெரியலாம், தோல் இழுபட்டுச் செதில்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் இரை பெரிது. பதினைந்து கிராம் வரை உள்ள குட்டிக்கு, கண் திறக்காத, மயிர் முளைக்காத எலிக்குட்டி ஒன்று போதும். இரண்டு மூன்று கிராம் இருக்கும், பிங்கி என்பார்கள். ஐந்திலிருந்து ஏழு நாளைக்கு ஒருமுறை. முப்பது கிராமை நெருங்கும்போது மெல்லிய மயிர் முளைத்த ஃபஸிக்கு மாறலாம். ஐம்பதைத் தாண்டியதும் துள்ளி நடக்கும் பருவத்து ஹாப்பர். நூறு கிராமுக்குப் பிறகு வளர்ந்த சுண்டெலிகளை நோக்கிப் போகலாம், இடைவெளியும் ஏழிலிருந்து பத்து நாள் ஆகிவிடும். முழுதாக வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலே நிறைவு. இந்த எண்களை மதில்மேல் எழுதி வைத்து அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. போன முறை கொடுத்தது செரித்துக் கழிந்துவிட்டதா என்பதுதான் அடுத்த முறைக்கான அனுமதி. பெட்டியில் தென்னை நார்த்தூளுக்குப் பதில் டிஷ்யூ காகிதம் விரிக்கச் சொல்வது அதற்காகத்தான். கழிவும், அதோடு வரும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டியும் பளிச்சென்று தெரியும்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். பெங்களூர்க் கடைகளில் கார்ன் ஸ்நேக்கும் பால் பைத்தானும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் பதறாதே என்று சொல்வார்கள், அது பைத்தானுக்கு உண்மைதான். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு ஆறு கிராம் கார்ன் ஸ்நேக் குட்டியை மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. அதற்குச் சேமிப்பே இல்லை.

எலி எங்கிருந்து? வயலில் பிடித்தது, வீட்டுப் பரணில் பொறி வைத்துப் பிடித்தது, இரண்டும் வேண்டவே வேண்டாம். ராகிக் கொல்லையில் ஓடும் எலி எலிமருந்து தின்றிருக்கலாம். அந்த விஷம் பாம்புக்கும் போகும். ஒட்டுண்ணிகள் வேறு. சுவரில் ஓடும் பல்லியைப் பிடித்துக் கொடுப்பதும் அதே காரணத்துக்காகக் கூடாது. இதற்கென்று சுத்தமாக வளர்த்து, வலியில்லாமல் கொன்று, உறையவைத்த எலிக்குட்டிகள் பெங்களூரில் கிடைக்கின்றன. உயிரோடு விடாதீர்கள். எலிக்கு அது தேவையில்லாத வேதனை, சற்று வளர்ந்த எலியாக இருந்தால் பாம்பையே கடித்துக் குதறிவிடும்.

உறைந்ததை முந்தைய நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் கூடாது, உள்ளே வெந்து வெளியே குளிர்ந்து இருக்கும், சில நேரம் வெடித்தும்விடும். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது. இவற்றுக்கென்று தனி டப்பா, தனி இடுக்கி. பாம்பையோ எலியையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சமையலறைக்குள் போகாதீர்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி எந்த நோயும் காட்டாமல் இருக்கும். வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் இதில் இரட்டிப்பு எச்சரிக்கை.

சாப்பிட மறுக்கும் குட்டிக்கு வருகிறேன். முதலில் கண்ணைப் பாருங்கள். பால் விட்டாற்போல நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும் வரை சும்மா விடுங்கள். அடுத்து, பெட்டி. குட்டிக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கித் தருவது அன்பில் வருவதுதான், ஆனால் நாலு பக்கமும் திறந்த வெளியில் பருந்துக்குப் பயந்து வாழப் பழகிய உயிர் அது. முழங்கை நீளத்துக்கு ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும், சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் ஒளிவிடம் வேண்டும். உடைந்த மண்சட்டியின் பாதியைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்து வைத்தால் அதைவிட நல்ல ஒளிவிடம் கடையில் கிடையாது.

பிறகு நேரம். பொழுது சாய்ந்ததும், விளக்கை அணைத்துவிட்டு, எலிக்குட்டியின் தலைப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்படி இடுக்கியில் நீட்டிப் பாருங்கள். எடுக்கவில்லையென்றால் ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க அந்தப் பக்கமே போகாதீர்கள். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி. அடுத்த முறை எலியை வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சோப்பு வாசனை போகும்வரை நன்றாக அலசித் துடைத்துக் கொடுங்கள். எலி வாடை பிடிக்காத குட்டிகள் சில அதற்கு இணங்கும். தலையில் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போட்டால் அந்த மணத்துக்குச் சில எடுக்கும். வாயைத் திறந்து திணிப்பதை மட்டும் யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள். தீக்குச்சி கனத்துத் தாடை எலும்பு அது. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கவும் கூடாது. நண்பர்கள் வந்தாலும் சரி, ரீல்ஸ் எடுக்க வேண்டியிருந்தாலும் சரி. ஒரு பெட்டியில் ஒரே குட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று விழுங்கிய சம்பவங்கள் உண்டு.

வளர்ச்சியை எதை வைத்து அளப்பது? நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை, தீனி கொடுப்பதற்கு முன், மூடிய டப்பாவோடு நிறுத்து, டப்பா எடையைக் கழித்து நோட்டில் எழுதுங்கள். தேதி, எடை, என்ன கொடுத்தது, எப்போது கழித்தது, எப்போது சட்டை உரித்தது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் நோட்டில் தெரிந்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது எதிர்ப்பக்கம். மூன்று நாளைக்கு ஒரு எலி, அதுவும் பெரியதாகக் கொடுத்து, ஒரே வருடத்தில் நாலடி ஆக்கிக் காட்டுகிறேன் என்கிற போட்டி. பசிக்காமலும் சாப்பிடும் பாம்பு இது. கொடுத்தால் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் சேரும் கொழுப்பு ஈரலையும் இதயத்தையும் சுற்றிக்கொள்ளும். ஒழுங்காக வளர்ந்த பாம்பின் குறுக்குவெட்டு, ரொட்டித் துண்டு போல அடி தட்டையாகவும் மேல் வளைந்தும் இருக்கும். முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்தினால் மெலிவு. வாலுக்கு முன்னால் இடுப்பு போலப் பிதுங்கி, நேராக இருக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் பருமன். முதல் வருடத்தில் இரண்டடி, இரண்டரை அடிக்கு வந்தால் அது நல்ல வளர்ச்சி. இருபது வருடம் வாழக்கூடிய உயிரை முதல் வருடத்தில் அவசரப்படுத்த என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்து நண்பர்கள் இதுவரை படித்துவிட்டு ஹீட் மேட் வாங்க ஓடிவிடாதீர்கள். உங்களுக்கு ஏப்ரலும் மேயும்தான் சோதனைக் காலம். மாம்பழ சீசனில் ஓட்டு வீட்டின் உள்ளே 38ஐத் தாண்டும். 34க்கு மேல் தொடர்ந்து இருந்தால் கார்ன் ஸ்நேக் சாப்பிடாது, தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும். அதற்கும் மேலே போனால் செத்துவிடும். பெட்டியை வீட்டின் வடக்கு மூலையில், தரையோடு தரையாக வையுங்கள். ஒரு பக்கம் ஈரத்துணி சுற்றிய மண்பானையைப் பெட்டியை ஒட்டி வெளியே வைத்தால் மூன்று நாலு டிகிரி குறையும். தீனியைக் குறைத்து, இரவில் கொடுங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயலில் சாரைக்குட்டி கிடைத்தது, இதே மாதிரி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று ஏமாந்து இந்தப் பகுதியில் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு இனங்களில் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை, பால் பைத்தான் அதில் ஒன்று, 2024 பிப்ரவரி 28இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அது எங்கே பிறந்தது என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

2023 ஜனவரி 11 அன்று சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது உள்ளே 45 பால் பைத்தான்கள், 8 கார்ன் ஸ்நேக்குகள், 3 மார்மொசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள் இருந்தன. எல்லாவற்றையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். பிடிபடாமல் வெளியே வரும் குட்டி கடைக்கு வரும்போது தண்ணீர் வற்றி, வயிறு கெட்டு, ஒட்டுண்ணியோடு இருக்கும். “நல்லாத்தான் வாங்கினேன், சாப்பிடவே மாட்டேங்குது” என்ற புலம்பலில் சிலவற்றுக்குக் காரணம் அந்தப் பை.

சூடு சரியாக இருந்தும், சின்ன இரை கொடுத்தும், இரண்டாவது முறை வெளியே தள்ளினால் அடுத்தது மருத்துவர்தான். நடு உடம்பில் கெட்டியான வீக்கம் தெரிந்தாலும் அப்படியே. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வயிற்றுச் சுவரைத் தடிக்கவைத்து இப்படிச் செய்யும். மற்ற பாம்புகளுக்கும் பரவும். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். போவதற்கு முன் போன் செய்து பாம்பு பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். அன்றைய கழிவைச் சின்ன டப்பாவில் போட்டு, உறையவிடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள், எடை எழுதிய நோட்டையும். குட்டியை முடிச்சுப் போட்ட பருத்தித் துணிப்பையில் விட்டு, அந்தப் பையைக் காற்றுத் துளை போட்ட தெர்மக்கோல் பெட்டியில் வையுங்கள். டிசம்பர் காலையில் பைக்கில் அத்திப்பள்ளி டோலைத் தாண்டும்போது அடிக்கிற காற்று அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது, பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். பஸ்ஸில் போனால் இன்னும் நல்லது.